எந்தக் கால் முதலில்?

ஜூலை 2, புதன்

இன்று முதல் எழுதுகிறேன். எனக்கு நாட்குறிப்புப் பழக்கம் கிடையாது. நாடகக்காரனுக்கு வாய்தான் எல்லாம். ஆனால் போன வாரம் சென்னையில் ஆசிரியர் பயிலரங்கை நடத்திய அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "மாணவர்களை எழுதச் சொல்லும் ஆசிரியர் முதலில் தான் எழுத வேண்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். ஒத்திகை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடக் கூடாது. உட்கார்ந்து, இன்று என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், நாளைக்கு எதை மாற்றுவேன் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ் என்கிறார்கள். நான் 'தன்பார்வை' என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

எங்கள் ஆம்பூர்க் கல்லூரி பிரின்சிபால் பிரேம்நாத் சாரிடம் போய்ச் சொன்னேன். நாடகம் என்றாலே கல்லூரி நாற்காலி உடையும் என்று பயப்படுகிற மனிதர். ரிஃப்ளெக்டிவ் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "காலேஜுக்கு மார்க் போட கமிட்டி வர்றப்போ காட்டலாம் ஜெயசீலன். ஒடனே ஆரம்பிங்க."

ஜூலை 4, வெள்ளி

தொழுகை முடிந்து பசங்கள் வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. புது நாடகத்தை வாசித்துக் காட்டினேன். 'கடைசி ட்ரிப்'. ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் ஒரு கண்டக்டர். அவர் ரிட்டயர் ஆகிற நாள். பாதி நாடகம் சில்லறைச் சண்டை, ஒரே சிரிப்பு. கடைசியில் அவருடைய மகள் அதே பஸ்ஸில் ஏறி, வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்கிறாள். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொள்கிறார்.

எழுதியவன் நான்தான். கடைசிப் பக்கத்தை நானாகவே இரண்டு தடவை வாசித்தேன். டேனியல் கொட்டாவி விட்டான்.

கண்டக்டராகத் தபரேஸ். மகளாகக் கௌசர். டிரைவராக டேனியல். அவனுக்கு வசனம் கம்மி, ஹாரன் ஜாஸ்தி. ஹாரனை வாயாலேயே அடிக்கிறான்.

ஜூலை 7, திங்கள்

தபரேஸைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பி.காம். கடைசி வருஷம். வெறும் மேடை, நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். பையன் தோளில் பையை மாட்டிக்கொண்டு நடக்கிறான் - மேடை ஆடுகிறது! வளைவு வந்தால் சாய்கிறான். பிரேக் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவன் கை கம்பியைத் தேடுகிறது. கம்பியே கிடையாது. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்த வாட்ச்மேன் அவனோடு சேர்ந்து சாய்ந்ததை நானே பார்த்தேன்.

எப்படிடா என்றேன். "தெரியல சார். பஸ் போவுது, நான் நடக்கிறேன்."

அவனுக்குப் புதுச்சேரிக்குப் போய் நாடகம் படிக்க ஆசை. அப்பா இல்லை. வீட்டில் எல்லாமே அண்ணன் வக்கார் அகமதுதான். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு கெமிக்கல் சப்ளை செய்கிறார். பரீட்சை முடிந்ததும் தம்பி கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. கெஞ்சிக் கூத்தாடியதில் ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் ஏழாம் தேதி நாடகத்துக்கு வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு முடிவு சொல்வார். தபரேஸுக்கு இருப்பது அந்த ஒரு சாயங்காலம்தான்.

எனக்குக் கவலை இல்லை. அந்த நடை ஒன்று போதும்.

ஜூலை 9, புதன்

தன்பார்வை முதல் தவணை கைக்கு வந்தது. இவர்கள் பிளஸ் டூவில் ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகிய கைகள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

டேனியல்: "நோக்கம்: பஸ் ஓட்டுதல். தேவையான பொருட்கள்: நாற்காலி, எவர்சில்வர் தட்டு. செய்முறை: தட்டை இடமும் வலமும் திருப்ப வேண்டும். முடிவு: பஸ் ஓட்டப்பட்டது."

கௌசர் கெமிஸ்ட்ரி. கேட்க வேண்டுமா? "நோக்கம்: கண்ணீர் வரவழைத்தல். செய்முறை: அப்பாவை மெதுவாகப் பார்த்து, துப்பட்டாவின் நுனியைச் சுருட்ட வேண்டும். காண்பவை: கண் லேசாக எரிந்தது. முடிவு: கண்ணீர் இல்லை என உறுதி செய்யப்பட்டது."

மற்றவர்கள் எல்லோரும் டேனியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கூடைக்காரியாக வருகிற பெண்கூட 'பஸ் ஓட்டப்பட்டது' என்று முடித்திருக்கிறாள். தன்னைத் தானே பார்ப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிற கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தபரேஸ் எழுதியது ஒரே வரி: "பஸ் போனது, நடந்தேன்."

ஜூலை 11, வெள்ளி

பிரின்சிபாலுக்கு போட்டோ வேண்டுமாம். மாணவர்கள் தன்னைத் தானே பார்ப்பது போல, இடமும் நேரமும் பதிவான போட்டோ. எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். "யோசிக்கிற மாதிரி இருக்கணும்." எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். எல்லோரும் தாடையில் கை வைத்தார்கள். கூட்டமாகப் பல்வலி வந்தவர்கள் மாதிரி இருக்கிறது. பிரின்சிபாலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

கௌசர் ஒரு சுருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அவள் அம்மா ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற ஷூவில் எங்கே பிசகோ அங்கே ஓர் அம்பு ஒட்டுவார்கள். தையல் விட்டிருந்தால் அங்கே, பசை வழிந்திருந்தால் அங்கே. வேறு பேச்சே கிடையாது. ஷூ திரும்பிப் போகும், சரியாகி வரும்.

"எழுதறது பேஜார் சார். ஒட்டிட்டா கண்ணுக்குத் தெரியுமில்ல?"

இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "அம்மாவ கேட்டுதான் எடுத்தாந்தேன். கிழிஞ்ச சுருளு, தூக்கிப் போடறதுதான்."

விதி போட்டேன். காட்சி முடிந்ததும் அவரவர், தனக்கு எங்கே சரியில்லை என்று தோன்றுகிறதோ அங்கே தன் உடம்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர்கூடத் தன்மேல் ஒட்டவில்லை. அடுத்தவன்மேல் ஒட்டுவதற்கு மட்டும் அடிதடி.

ஜூலை 16, புதன்

இந்த அம்பு சாதாரணமானதில்லை. டேனியல் வாயில் மட்டும் நான்கு. "எவன் ஒட்டினான்?" என்று ஒரு பாட்டம் சண்டை போட்டான். இரண்டாவது முறை ஓட்டும்போது ஹாரன் பாதியாகக் குறைந்திருந்தது! கூடைக்காரிக்கு இடுப்பில் ஓர் அம்பு. கூடையை இறக்கிவைத்த பிறகும் சுமக்கிற மாதிரியே நின்றிருக்கிறாள். நான் பத்து நாளாகச் சொல்லிப் புரியாதது அவளுக்கு ஒரு ஸ்டிக்கரில் புரிந்துவிட்டது. பயிலரங்கு அம்மாளுக்கு இதை எழுதிப் போட வேண்டும்.

தபரேஸ் மேல் ஓர் அம்புகூட இல்லை. "பிசகு இல்லாத ஷூ நேரா டப்பாக்குப் போய்டும் சார்," என்றாள் கௌசர்.

எனக்கு அது ஒப்பவில்லை. திறமை உள்ளவன்தானே தன்னை அதிகம் பார்க்க வேண்டும்? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எந்தக் காலை முதலில் வைக்கிறாய்? உடம்பின் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது? கை எந்த நேரத்தில் எழுகிறது? கவனித்து வந்து சொல். சரி சார் என்றான்.

நல்ல கேள்விகள். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுகூட நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பஸ் நின்றுவிட்டது.

தபரேஸ் வலது காலையும் வலது கையையும் ஒன்றாகத் தூக்கி நடந்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுபடி நடந்தான். மறுபடியும் அதே. அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

இன்று தபரேஸே கேட்டு வாங்கி, இரண்டு முட்டியிலும் அம்பு ஒட்டிக்கொண்டான். எனக்கு வேண்டியிருந்தது இதுதானே, ஒருவன் தானாகத் தன்மேல் ஒட்டிக்கொள்வது? பார்க்கப் பிடிக்கவில்லை.

"சார், பள்ளிவாசல்ல நுழையறப்போ வலது காலு. அது சின்ன வயசுலயே சொல்லிக் குட்த்துட்டாங்க. பஸ்ல எந்தக் காலுன்னு யாருமே சொல்லல. நீங்க கேட்டதிலேர்ந்து வூட்ல பாத்ரூம் போறதுக்கே நின்னு யோசிக்கிறேன்."

யோசிக்காமல் நட என்றேன். யோசிக்காமல் நடப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜூலை 22, செவ்வாய்

தபரேஸுக்கு இன்று எந்தக் காலும் வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

தபரேஸ் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அண்ணன் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்கிறான் டேனியல்.

இன்னாடா பண்ணி வச்சிருக்கே ஜெயசீலா? நல்லா ஓடுன வண்டிய எதுக்குப் பிரிச்சே? அவன் உன்னைக் கேட்டானா, சார் என் நடையில எதுனா கோளாறு இருக்கான்னு? மூணு நாள் சென்னைல சோறு போட்டாங்கன்னா கேள்வி கேட்டே தீரணுமா? அந்தப் பையனுக்கு இருக்கறது ஒரே நாள். அதையும் நீ கெடுத்துட்டே. தூ.

இதுதான் என்னுடைய முதல் உண்மையான தன்பார்வை என்று நினைக்கிறேன். இதில் ஒரு சுகமும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

கடைக்கே போனேன். வக்கார் அகமது எழுந்து வந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதையில் குறை வைக்காத மனிதர்.

"தானா கடைக்கு வந்துட்டான் சார். நல்லதுதானே? அப்ப ஏழாம் தேதி நான் வர வேணாம் இல்ல?"

அவர் பின்னால் தபரேஸ் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு, நெருக்கமாக அடுக்கிய டிரம்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தான். அப்படி ஒரு நடை! 'இதோ நடக்கிறாயே' என்று வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாக்கு நிஜமாகவே வலிக்கிறது.

"வரணும், கண்டிப்பா வரணும்," என்று அண்ணனிடம் சொன்னேன். தம்பியிடம் வேறு சொன்னேன். நீ நடிக்க வேண்டாம். கண்டக்டர் வேஷத்தை நானே போட்டுக்கொள்கிறேன். நாளைக்கு வந்து சும்மா உட்கார்ந்து பார், பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அவனை வரவழைக்கத்தான் அப்படிச் சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை. நான் செய்தால் எப்படி இருக்கும் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

பசங்களா இவர்கள்? பாவிகள்.

பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். உயிரைக் கொடுத்து நடந்தேன். காட்சி முடிந்ததும் கௌசர் சுருளை எடுத்தாள். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?" முட்டியில், தோளில், வயிற்றில். எதற்கு வயிற்றில் என்று கேட்டேன். "மூச்சு இழுத்துப் புடிச்சினு இருக்கீங்க சார். கண்டக்டருக்குத் தொப்பை தெரிஞ்சா இன்னா?" நான் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்துக் கண்டக்டர்கள் எல்லாம் நிமிர்ந்துதான் நிற்பார்கள், நடிப்பில் இதற்கு ஒரு முறை இருக்கிறது என்று. டேனியல் என் வாயில் ஒன்று ஒட்டினான்.

மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தபரேஸ். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். "சார், நீங்க டிக்கெட்ட பட்டமளிப்பு விழால சர்டிபிகேட் குடுக்கற மாதிரி குடுக்கறீங்க." எழுந்து வந்து என் பையைக் கழற்றி மாட்டிக்கொண்டு, என்னைப் போலவே நடந்து காட்டினான். வயிற்றை எக்கி, மார்பைத் தூக்கி, ஒவ்வொரு பயணிக்கும் பட்டம் கொடுத்தான். கூட்டம் உருண்டு புரண்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்டி இல்ல சார், இப்டி," என்று சொல்லிக்கொண்டே பின் சீட்டுப் பக்கம் போனான்.

மேடை ஆடியது.

அவனுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. கௌசர் உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். டேனியல் மட்டும் மெதுவாகத் தட்டை எடுத்து, பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தான்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது என் மனைவி சௌந்தர்யா கேட்டாள்: "இன்னாங்க இது, முதுகுல ஒரு அம்பு? ஆம்பூர்லேர்ந்து வேலூர் வரைக்கும் இப்டியே வந்தீங்களா?" விஷயத்தைச் சொன்னேன். தலையிலிருந்து கால்வரை என்னை நிதானமாகப் பார்த்தாள். "கம்மியாதான் ஒட்டியிருக்காங்க," என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தபரேஸிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்பது புது உத்தரவு. சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெற்றி! வெற்றி!

அரங்கம் நிறைந்துவிட்டது. வக்கார் அகமது மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில், கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சில்லறைச் சண்டையிலேயே கை அவிழ்ந்தது. தபரேஸ் நடந்தான், முன்வரிசைத் தலைகள் எல்லாம் வளைவுக்கு வளைவு சாய்ந்தன. பிரின்சிபாலும் சாய்ந்தார்.

ஆனால் கடைசிக் காட்சிதான் காட்சி. கௌசர் பஸ் ஏறி, 'அப்பா' என்று ஆரம்பித்து, நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். தபரேஸ் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருக்கிறான்! அந்த மௌனம்! அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. 'வசனத்தைவிட மௌனம் பெரிது' என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பலித்துவிட்டது. டேனியல் மட்டும் அந்த நேரம் பார்த்து, சம்பந்தமே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்துத் தொலைத்தான். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

முடிந்ததும் வக்கார் அகமது என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "அந்தப் பொண்ணு பேச முடியாம நின்னா பாருங்க சார், அப்ப எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. சரி சார். அவன் போய்ப் படிக்கட்டும்."

தபரேஸைக் கட்டிப்பிடித்தேன். அவன் ஏனோ மரக்கட்டை மாதிரி நின்றான். களைப்பு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் முதல் வேலையாக டேனியலைப் பிடித்துக் காய்ச்சினேன். மௌனத்தின் அருமை தெரியுமாடா உனக்கு, அந்த இடத்தில் எவனாவது ஹாரன் அடிப்பானா என்று. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

தொழுகை முடிந்து தபரேஸ் வந்தான். உட்காரவில்லை.

"சார், கௌசர் டயலாக் மறந்துட்டா."

எந்த இடத்தில் என்றேன்.

"அந்த எடத்துலதான் சார். பயந்து அழுதுட்டா. என்னையே பார்த்துனு இருந்தா, நான் எதுனா எடுத்துக் குடுப்பேன்னு. நான் அண்ணன் பார்க்கறாரா, சிரிக்கறாரான்னு மூணாவது வரிசைய பார்த்துனே கிழிச்சினு இருந்தேன். டேனியல்தான் பார்த்துட்டு ஹாரன் அடிச்சான். அதுல ஞாபகம் வந்து, 'பஸ் கெளம்புதுப்பா'ன்னு புடிச்சினா."

நானும் மூன்றாவது வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் சரின்னு சொன்னதே அந்த சீனுக்குதான் சார். அது நான் பண்ணது இல்ல. காலைல அவர்கிட்ட போய் சொல்லிட்டேன். இன்னொரு தபா வந்து பாருங்க, அப்பறம் சொல்லுங்கன்னு."

அட லூசுப்பய மவனே! கெடச்ச சரிய எவனாவது திருப்பிக் குடுப்பானா? உள்ளுக்குள் இப்படித்தான் கத்தினேன். வெளியே, "கௌசர் கிட்ட பேசினியா?" என்று மட்டும் கேட்டேன். அதுவும் தடை செய்யப்பட்ட கேள்விதான்.

"நேத்தே சாரி சொல்லிட்டேன் சார். ஒரு வாரம் சமோசா வாங்கித் தரணும்னுட்டா."

டேனியலைத் தேடிப் போனேன். ஏன்டா காலையிலேயே சொல்லவில்லை? "நீங்க கேக்கலயே சார்." வேப்பமர நிழலில் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போய் எனக்கு வணக்கம் வைத்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளி விழாவுக்கு நாடகத்தைக் கேட்டிருக்கிறார்கள், இருபத்துமூன்றாம் தேதி. வக்கார் அகமது வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாவெறுப்பாக. முதலில் சொன்ன சரி இப்போது செல்லாது. தபரேஸ் கடைசிக் காட்சிக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒத்திகை கேட்கிறான். நடையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது. அவன் நன்றாகத் தூங்குகிறானாம்.

ஆகஸ்ட் 23, சனி

வாலாஜாபேட்டை. திறந்த மேடை, மைக்கில் ஒரே இரைச்சல், முன்னால் சின்னப் பிள்ளைகள் கூச்சல். நடையை யார் கவனித்தார்கள்? சில்லறைச் சண்டைக்குச் சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. வக்கார் அகமது ஓரமாக, கையைக் கட்டியபடியே இருந்தார். கட்டு அவிழவே இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

கடைசிக் காட்சியில் கௌசர் ஒரு வார்த்தை பிசகாமல் எல்லா வசனமும் சொன்னாள். வெளிநாடு போகிறேன் என்றாள். தபரேஸ் கிழிப்பதை நிறுத்தினான். நான் எழுதியதில் அவர் நிறுத்தவே கூடாது. எழுந்துவிட்டேன். அவன் அவளைப் பார்த்தான். தோளிலிருந்து பையைக் கழற்றி, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டான். ஓடுகிற பஸ்ஸில், டூட்டியில் இருக்கிற கண்டக்டர், மகள் பக்கத்தில். கௌசருக்கு இது தெரியாது போல. அவன் முகத்தையே பார்த்துவிட்டு, வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: "டிக்கெட் எடுக்கணுமாப்பா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். சின்னப் பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதியதை மாற்றியதற்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வக்கார் அகமது வந்து, கூடவே இரண்டு நாற்காலியை எடுத்து அடுக்கினார். நான் எதுவும் கேட்கவில்லை. கடைசி நாற்காலியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"புதுச்சேரிக்கு வேலூர்லதான் பஸ் மாறணுமா சார்?"

ஆமாம், ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும் என்றேன்.

"அப்ப நான்தான் கூடப் போய் விட்டுட்டு வரணும்," என்றார். "ஒரு நாள் கடைய மூட வேண்டியதுதான்."